பெரியப்பாவின் பட்டியல்

அத்தியாயம் பதினேழு

பட்டியல் வரும் நாளில் அந்த வீட்டில் யாருக்கும் எந்த வேலையும் ஓடாது. குளிக்கப் போனவர் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வருவார். வருஷத்துக்கு நாலே நாள்தான் இப்படி. அதில் ஒன்று இந்த வாரம் நமக்கு வாய்த்திருக்கிறது.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கும். பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினோடு பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள் நம்ம கலர் அக்கா. "வருஷக் கடைசியோட கடையைக் குடுத்துடப் போறேன், உன்னால முடிஞ்சா நீயே எடுத்துக்கோ" என்று முதலாளி சொன்னதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. விஷயம் வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஒரே வரியில் முடித்தார்: "பங்கெல்லாம் வருஷக் கடைசி வரைக்கும் நிக்கட்டும், அதை வித்துக் கடையை வாங்கிக்கோ." நாத்தனார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அவள் திட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை. சொல்லாமல் போனால்தான் பயம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குப் பெரியப்பா யார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் ஆள் இல்லை. லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பை வைத்துப் பங்கு வாங்கி விற்கும் மாபெரும் முதலீட்டு நிறுவனம். எந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு வைத்திருக்கிறோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஊரறியப் பட்டியல் போட்டாக வேண்டும். சட்டம் அப்படி. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இந்தக் குடும்பம் பங்கு வாங்குகிறது. "அங்க நூறு பேர் உக்காந்து மண்டையை உடைச்சுக்கறாங்க. நாம எதுக்குத் தனியா உடைச்சுக்கணும்?" என்று கேட்டவர் மாமியார். பெரியப்பா என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. பெரியப்பா வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் ஒருவராவது அந்தச் சரக்கு ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பெயிண்டுக்கு நிறமி செய்யும் கம்பெனியைக் கலர் அக்கா சொன்னாள். பாதிப் பணம் அதில்தான் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் நாத்தனார் டயர் கம்பெனியைச் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் லிஃப்ட் மோட்டார். மாமியார் மூக்குக் கண்ணாடி லென்ஸ் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். "என் வயசுல ஒவ்வொருத்தியும் ரெண்டு கண்ணாடி வச்சிருக்கா. சிரிங்க, சிரிங்க" என்றார் அவர்.

பங்கெல்லாம் மாமியார் பெயரில். அதைக் கண்காணிப்பது நாத்தனார். விற்கிற நேரத்தில் வரும் ஓடிபி மட்டும் மாமியார் போனுக்கு வரும். பட்டியல் நாள் தவிர வேறு நாளில் யாரும் அந்தக் கணக்கைத் திறந்தே பார்க்கக் கூடாது என்பது நாத்தனார் போட்ட சட்டம். "பாத்தா கை அரிக்கும்" என்பாள்.

இனி இன்றைய கதை.

காலை பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. பத்தேகாலுக்கு, பக்கத்துத் தெரு டைல்ஸ் கடைக்காரர் பெயிண்ட் கடைக்குள் வந்து, முதலாளியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடையைக் குடுக்கறதா கேள்விப்பட்டேன். என்கிட்ட பேசலாமே?"

"பேசி முடிச்சாச்சுங்க. முன்பணம் வாங்கிப் பதினோரு நாள் ஆச்சு" என்றார் முதலாளி.

மெஷினுக்குப் பின்னால் நின்ற கலர் அக்கா மெஷினை அணைத்தாள். டைல்ஸ்காரர் படியிறங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"முதலாளி, எனக்குத்தானே சொன்னீங்க?"

"சொன்னேன்மா. இல்லைங்கல."

"அப்போ முன்பணம் யாரு குடுத்தது?"

"அதைக் கேக்காத. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்." அவர் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "மீதி வருஷக் கடைசிக்குள்ள வரணும். வரலைன்னா முன்பணமும் கிடையாது, கடையும் கிடையாது. அதுவும் பேசியிருக்கு. நீ டப்பாவைப் பாரு."

பார்த்தாள். டப்பாதான் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ முந்திவிட்டார்கள். ஆனால் அந்த யாரோ மீதியைக் கட்ட முடியாமல் போனால்? அப்போது கையில் பணத்தோடு நிற்பவளுக்குத்தான் கடை. அதற்குப் பங்கு விலை விழாமல் நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ள அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

பதினொன்றரைக்கு நாத்தனார் போன் செய்தாள். பின்னணியில் கார் கியர் அலறிக்கொண்டிருந்தது. ஒரு பல் டாக்டருக்குப் பாடம் நடக்கிறது என்று அர்த்தம்.

"பட்டியல் பாத்தியா?"

"இன்னும் இல்ல அண்ணி. கடையில கூட்டம்."

"பெரியப்பா வித்துட்டார். நம்ம நாலு வரியையும் இப்பதான் எடுத்து எழுதினேன். உன்னோட நிறமி அறுபத்துநாலு லட்சம் பங்கு வச்சிருந்தார், இப்ப அம்பத்தாறு. என் டயர் நாப்பது, இப்ப முப்பத்தஞ்சு. லிஃப்ட் மோட்டாரும் குறைச்சிருக்கார். அம்மாவோட லென்ஸ் ஒண்ணுதான் மாறாம இருக்கு. கிளட்சை விடாதீங்க டாக்டர், விடாதீங்க, விட்டாச்சு." கார் ஒரு குலுக்கலோடு நின்றது கேட்டது. "விலையைப் பாத்தியா? நிறமி காலையிலேர்ந்து ஒம்பது சதவீதம் இறங்கியாச்சு."

"அண்ணி, பட்டியல் இன்னிக்கு வந்தாலும் அது ஒன்றரை மாசத்துக்கு முந்தின கதை. காலாண்டு முடிஞ்சு அவ்வளவு நாள் கழிச்சுத்தானே வெளியிடறாங்க?"

"அதான் சொல்றேன். ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியே வித்திருக்கார்னா, இப்ப இன்னும் எவ்வளவு வித்திருப்பாரோ. அவர் வாங்கினப்ப வாங்கினோம். அவர் இறங்கினா நாமளும் இறங்கணும். அப்படித்தானே பேச்சு?"

பேச்சு அப்படித்தான்.

"ரெண்டரைக்குப் பாடம் முடியுது. முடிஞ்சதும் எல்லாத்தையும் வித்துடறேன். கண் ஆஸ்பத்திரியில அம்மாகூட தம்பிதான் இருக்கான், ஓடிபி வந்தா சொல்லச் சொல்லிட்டேன்."

"அண்ணி, கடை..."

"கடை எங்கயும் ஓடிடாது. அப்பா விட்டுட்டுப் போன பணம் ஓடிடும்." போன் வைக்கப்பட்டது.

நாத்தனாரைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருஷமாக இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் காரில் தன் காலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருப்பவள். அந்தக் காலை வீட்டுக்கு வந்ததும் எடு என்றால் எடுக்க வராது. அவள் பிரேக் போட்டுப் பல பேர் பிழைத்திருக்கிறார்கள். இன்று அவள் போடப் போகும் பிரேக்கில் ஒருத்தியின் கடை போகப் போகிறது, அவ்வளவுதான்.

கலர் அக்காவுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. கடையில் அழ முடியாது. கூட்டம் கலைந்து ஒரு மணிவாக்கில் எதிரே ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

"போன மாசம் எட்டு லிட்டர் கலந்து குடுத்தியே, அதே பச்சை. இந்தத் தடவை ஏழு லிட்டர் போதும். சுவத்துல ஜன்னல் வச்சுட்டோம். ஆனா நிறம் துளி மாறக் கூடாது."

"மாறாதும்மா. எல்லாச் சாயத்தையும் ஒரே அளவா குறைப்போம். டப்பாதான் சின்னதாகும், நிறம் அப்படியே இருக்கும்."

ஆயிரம் தடவை சொன்ன வசனம். வாய் சொல்ல, கை பழைய கணக்கை எடுத்தது. மஞ்சள் பதினாறு துளி, இப்போது பதினாலு. பச்சை நாற்பது துளி, இப்போது முப்பத்தைந்து.

நாற்பது, முப்பத்தைந்து. இந்த ஜோடியை இன்றைக்கு எங்கேயோ கேட்டோமே?

அண்ணியின் டயர்.

அப்படியானால் நிறமி? அறுபத்துநாலில் எட்டில் ஒரு பங்கு எட்டு, போனால் ஐம்பத்தாறு. அதுவும் சரி. அந்த அம்மாளை உட்காரச் சொல்லிவிட்டுப் போனில் பட்டியலைத் திறந்தாள். நாத்தனார் எடுத்து எழுதிய நாலு வரியை இல்லை, முழுப் பட்டியலை.

இங்கேதான் இந்த வீடு மூன்று வருஷமாகச் செய்துவந்த தப்பு இருந்தது. பட்டியல் வந்ததும் நாத்தனார் தங்களுடைய நாலு கம்பெனியின் வரியை மட்டும் நோட்டில் எழுதுவாள். வீடே அந்த நோட்டைத்தான் பார்க்கும். மற்ற நாற்பத்தெட்டு வரியை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

கலர் அக்கா பார்த்தாள். சிமெண்ட் எண்பதிலிருந்து எழுபது. மருந்து நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு. கப்பல், பால்பவுடர், செருப்பு, எதைத் தொட்டாலும் எட்டில் ஒன்று போயிருந்தது. கடைசி இலக்கத்தில் சின்னச் சின்ன வித்தியாசம், அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு நிறமி மேல் கோபம் என்றால் நிறமியை விற்பார். செருப்பை ஏன் அதே அளவில் விற்க வேண்டும்?

அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை. அவரிடம் பணம் போட்டிருந்த யாரோ அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கொடுப்பதற்காக எல்லாவற்றிலும் ஒரே அளவு விற்றிருக்கிறார். டப்பா சின்னதாகியிருக்கிறது. நிறம் மாறவில்லை.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாடம் நடக்கும்போது அவள் எடுக்க மாட்டாள், அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. கணவனுக்குப் போட்டாள். கண் டாக்டர் அறைக்குள் போனை அணைத்து வைக்கச் சொல்லியிருப்பார்கள். மாமியாருக்குப் போட்டாள். "அத்தை எடுங்க, எடுங்க" என்று கெஞ்சினாள். அவரும் எடுக்கவில்லை.

மணி ஒன்றே முக்கால். அந்த அம்மாளின் ஏழு லிட்டரைக் கலந்து, மூடி போட்டு, மெஷினைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதில் மட்டும் அவளை அவசரப்படுத்த முடியாது.

"முதலாளி, ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வரேன்."

"எங்க?"

"கடையை வாங்கத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதலாளி ஏன் சிரித்தார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி ஓடினாள். நாற்பத்தோரு வயதில், கட்டைவிரலில் பச்சைச் சாயத்தோடு, கைப்பையை அணைத்துக்கொண்டு நடைபாதையில் ஓடும் பெண்ணுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரி சுவர்க் கடிகாரம் இரண்டு முப்பத்தாறு காட்டியது.

காத்திருக்கும் அறையின் மூலையில் மாமியார் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார்ந்திருந்தார். கண்பாப்பா விரிந்து, எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே மங்கலாகத் தெரியும் நிலை. பக்கத்தில் கணவன். ஒரு கையில் தன் போனைக் காதில் வைத்திருந்தான். மறு கையில் அம்மாவின் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"வந்துடுச்சுக்கா. சொல்றேன், எழுதிக்கோ. நாலு, ஏழு, ரெண்டு..."

"சொல்லாதீங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். சொட்டு மருந்து விட்டவர்கள் உத்தேசமாகத் திரும்பினார்கள். அவள் பாய்ந்து மாமியாரின் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் கணவன்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. அண்ணி, ரெண்டே நிமிஷம் குடுங்க. அப்புறமும் விக்கணும்னா மீதி மூணு நம்பரை நானே சொல்றேன்."

"சந்தை மூணரைக்கு மூடிடும்" என்றது நாத்தனாரின் குரல்.

"தெரியும். உங்க போன்ல முழுப் பட்டியலையும் திறங்க. நம்ம நாலு வரி வேணாம். வேற எதையாவது தொடுங்க. உங்க இஷ்டம்."

பாடம் முடிந்து காரைத் திருப்பிக்கொண்டிருந்த பல் டாக்டரின் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது: "மேடம், ஓரமா நிறுத்தட்டுமா?"

"நிறுத்துங்க டாக்டர். இண்டிகேட்டர் போட்டுட்டு நிறுத்துங்க." நாத்தனார் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. "சிமெண்ட் எம்பது, எழுபது. சரி, வித்திருக்கார். மருந்து நாப்பத்தெட்டு, நாப்பத்திரண்டு. செருப்பு..." குரல் நின்றது. "இது என்ன, எல்லாமே குறைஞ்சிருக்கு?"

"எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாருங்க."

நாத்தனார் கணக்கில் கெட்டிக்காரி. பத்து நொடிக்கு மேல் ஆகவில்லை. "எட்டுல ஒண்ணு" என்றாள். மறுபடி, மெதுவாக, "எல்லாமே எட்டுல ஒண்ணு."

"ஒரு நிறத்துல மஞ்சளை மட்டும் குறைச்சா அவருக்கு மஞ்சள் பிடிக்கலன்னு அர்த்தம். எல்லாத்தையும் ஒரே அளவா குறைச்சா? டப்பாதான் சின்னதாச்சு அண்ணி. யாரோ பெரிய ஆள் அவர்கிட்டேர்ந்து பணத்தை எடுத்துட்டுப் போயிருக்காங்க. அதைக் குடுக்க வித்திருக்கார். நம்ம கம்பெனி மேல நம்பிக்கை போனதால இல்ல."

கணவன் தன் போனில் மளமளவென்று தேடிக்கொண்டிருந்தான். ஏழாவது செய்தியில் கிடைத்தது. "ஏய், இங்க இருக்கு. ஏதோ ஒரு ஓய்வூதிய அமைப்பு போன காலாண்டுல பெரியப்பாகிட்டேர்ந்து பணத்தை வாபஸ் வாங்கிடுச்சாம். நாலே வரியில போட்டிருக்காங்க. யாரு பாக்கப் போறா?" அவன் முகம் காலையிலிருந்து முதல்முறையாகத் தெளிந்தது. அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றிருந்தவன், பாவம்.

"வேற கிறுக்கன்லாம் அவர் வித்துட்டார்னு பாத்துட்டு வித்து விலையை இறக்கிட்டான்" என்றாள் நாத்தனார். "நானும் அந்தக் கிறுக்குல ஒருத்தி ஆகியிருப்பேன். நிறுத்திட்டேன். ஓடிபி வேணாம்."

கலர் அக்கா இடுப்பிலிருந்த போனை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். மாமியாருக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"இருங்க, இருங்க" என்றாள் திடீரென்று. "அண்ணி, பெரியப்பாகிட்ட லென்ஸ் எவ்வளவு இருந்தது?"

"பதினாறு. இப்பவும் பதினாறு. அதை விக்கவே இல்ல."

"எல்லாத்துலயும் எட்டுல ஒண்ணு போயிருக்குன்னா லென்ஸ் பதினாலு ஆகியிருக்கணும். ஆகலையே. பணத்தைத் திருப்பிக் குடுக்கற நேரத்துலயும் அதை மட்டும் விடாம வச்சிருக்கார். அம்பத்திரண்டுல அவர் ஆசைப்பட்டு வச்சிருக்கறது அது ஒண்ணுதான்."

போனில் ஒரு விசில் சத்தம். பல் டாக்டர்தான் அடித்தார். "மேடம், அந்தக் கம்பெனி பேரு என்ன?"

"நீங்க வண்டியை எடுத்து ரோட்டைப் பாருங்க டாக்டர்" என்ற நாத்தனார் முதல்முறையாகச் சிரித்தாள். "அம்மா, கேட்டியா? மூணு வருஷமா உன்னைக் கிண்டல் பண்ணினோமே. உன் லென்ஸ்தான்மா ஜெயிச்சது. நாங்க அங்கயேதான் வரோம், அஞ்சு நிமிஷம்."

மாமியார் மங்கலான கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, மடியில் இருந்த பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, சந்தோஷம் இல்லையா?"

"இருக்கும்மா" என்றார். குரலில் அது இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார், பழகுநர் பலகையோடு, மூன்று தரம் குலுங்கி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் வேர்த்து விறுவிறுத்துப் பல் டாக்டர். நாத்தனார் கதவைச் சாத்தாமலேயே உள்ளே வந்தாள். விற்கும் அவசரத்தில் நிறமியைத் தாண்டி எதையும் பார்க்காதவள், வரும்போதே போனில் பங்குக் கணக்கைத் திறந்து, லென்ஸ் எத்தனை இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்தாள். நடை பாதியில் நின்றது.

"இதுல லென்ஸ் இல்லையே."

"நல்லாப் பாருக்கா" என்றான் தம்பி.

"பாத்துட்டேன். விற்பனைன்னு இருக்கு. பதினோரு நாளைக்கு முன்னாடி, மொத்தமா. இது அம்மா போன்லேர்ந்து போயிருக்கு."

பதினோரு நாள்.

கலர் அக்கா மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். 'எனக்கு இந்த ஆப்பெல்லாம் தெரியாதும்மா' என்று எப்போதும் சொல்பவர். 'சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்' என்ற முதலாளி. கடையை வாங்கப் போகிறேன் என்றபோது அவர் சிரித்த சிரிப்பு. காலையிலிருந்து யாரைப் போட்டி என்று நினைத்து வயிறெரிந்தாளோ, அவர் கண்ணில் மருந்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டைல்ஸ்காரர் மாதிரி யாரும் முந்திவிடக் கூடாது என்று, தான் ஆசையாகப் பிடித்த அந்த ஒரே பங்கை விற்று, மருமகளுக்காக முன்பணம் கட்டியிருக்கிறார். இன்று மற்ற மூன்றும் அடிமாட்டு விலைக்குப் போயிருந்தால், மீதியைக் கட்ட வழியில்லாமல் அந்த முன்பணமும் போயிருக்கும். அது தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

மாமியாரின் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து அழுத்தியது. பேசாதே என்று அர்த்தம்.

"வீட்டுச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் நாத்தனார். குரலில் பழைய பிரேக் திரும்பியிருந்தது. "யாரு வித்தது?"

"நான்தான்."

இரண்டு குரல், ஒரே நேரத்தில். ஒன்று மாமியாருடையது. மற்றது அவர் கையை விடாமல் எழுந்து நின்ற மருமகளுடையது.